டிடெக்டர் வாயுவில் ரேடானைக் குறைப்பது எப்படி: கிருஷ்ணகிரி, தருமபுரி ஆய்வகங்களுக்கான செய்முறை

தரையில் கிரானைட், வேலை மேசையில் கிரானைட், சுவர்ப் பூச்சில் எம் சாண்ட், குழாயைத் திறந்தால் போர் தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஓர் ஆய்வகம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கல்லிலும் மணலிலும் கொஞ்சம் யுரேனியம், அதன் வழிவந்த ரேடியம். ரேடியம் சிதையும்போது ரேடான்-222 வாயு. தண்ணீரில் அந்த ரேடான் கரைந்தே வருகிறது. குடியிருப்பவர்களுக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் பெரிதும் தீர்ந்துபோகிற சங்கதி இது. வாயு நிரப்பிய அறையில் நாளுக்கு ஓரிரு அரிய துகள் நிகழ்வுகளைத் தேடிக் காத்திருக்கும் டிடெக்டருக்குத் தீராது, ரேடானின் சிதைவு அதில் போலி நிகழ்வாகத் தெரியும்.

ரேடானின் அரை ஆயுள் 3.82 நாள். அது 5.49 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆல்ஃபாவை விட்டுப் பொலோனியம்-218 ஆகிறது. அதிலிருந்து ஈயம்-214, பிஸ்மத்-214, பொலோனியம்-214 என்று சில மணி நேரத்துக்குள் ஓடி, ஈயம்-210இல் வந்து நிற்கிறது. ஈயம்-210இன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு. வாயுவை மாற்றினால் ரேடான் போய்விடும். டிடெக்டரின் கம்பியிலும் கேதோடிலும் படிந்த ஈயம்-210 உங்கள் ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிப் போன பிறகும் அங்கேயே இருக்கும். ஆகவே டிடெக்டரைப் பிரித்துப் போடும் நாள்களில் பாகங்களைக் காற்றுபட வைக்காமல், நைட்ரஜன் நிரப்பிய நைலான் பையில் வையுங்கள்.

பூமிக்கடியில் போனால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலிருக்கும் கோலார் தங்க வயலின் ஆழத்தில்தான் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பார்த்தார்கள். ஆழம் காஸ்மிக் கதிரைத் தடுக்கும். ரேடானைத் தடுக்காது, நாலு பக்கமும் பாறை சூழ்ந்த சுரங்கத்தில் அது கூடத்தான் செய்யும்.

கீழே உள்ள கணக்குகளெல்லாம் 50 லிட்டர் டிடெக்டர் அறை, ஆர்கான் 90 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 10 சதவீதம், நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டம் என்ற அமைப்புக்கு. உங்கள் அளவுகளுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கசிவு, பிறகுதான் வடிகட்டி

வடிகட்டிக்குச் செலவழிக்கும் முன் உள்ளே வருவதை நிறுத்துங்கள். ஆய்வகக் காற்றில் கனமீட்டருக்கு 50 பெக்கரல் (விநாடிக்கு 50 சிதைவு) ரேடான் இருக்கிறது என்று வையுங்கள். தரைத்தளத்தில், இரவு முழுக்க மூடிக் கிடந்த அறையில் விடியற்காலை இதைவிடக் கூடவே இருக்கலாம். மார்கழிப் பனி தரையோடு படியும் நாள்களில் இன்னும் கூடும். குறைந்த அழுத்தத்தில் ஓடும் டிடெக்டர் அறைக்கு விநாடிக்கு 0.001 மில்லிபார்-லிட்டர் கசிவு இருந்தால், நாளுக்கு 86 கன சென்டிமீட்டர் காற்று உள்ளே வரும். அது கொண்டுவருவது 4.3 மில்லிபெக்கரல். வாயு ஓட்டத்தை நிறுத்தி மூடி வைத்தால், சிதைவும் வரவும் சமமாகும்போது அறைக்குள் 24 மில்லிபெக்கரல் நிற்கும். கனமீட்டருக்கு ஏறத்தாழ அரை பெக்கரல். வாயு வரும் வழியில் வைக்கும் எந்தக் கரி வடிகட்டியும் இதைக் குறைக்காது, ஏனென்றால் இது கரியைத் தாண்டி நேராக உள்ளே வருகிறது.

ஹீலியம் லீக் டிடெக்டர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அறையை வெற்றிடமாக்கி, வால்வை மூடி, அழுத்தம் ஏறுவதை இரண்டு நாள் எழுதி வையுங்கள். 50 லிட்டர் அறையில் நாளுக்கு 1.7 மில்லிபார் ஏறினால் அது மேலே சொன்ன 0.001 கசிவு. 0.02 மில்லிபாருக்குள் இருந்தால் அதில் நூறில் ஒரு பங்கு, அது போதும். உலோகப் பரப்பிலிருந்து வெளிவரும் ஈரமும் அழுத்தத்தை ஏற்றும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம்: ஈரம் என்றால் கோடு போகப் போகத் தட்டையாகும், கசிவு என்றால் நேர்கோடாக ஏறிக்கொண்டே போகும்.

வளிமண்டல அழுத்தத்தில் ஓடும் டிடெக்டரை 5 முதல் 10 மில்லிபார் கூடுதலாக வைத்துக்கொண்டால் கசிவு வெளிப்பக்கமாகவே போகும். ஆனால் வெளியேற்றக் குழாய் வழியே காற்று பின்னோக்கிப் பரவும். பப்ளருக்கு (வெளியேறும் வாயு குமிழியிட்டுப் போகும் திரவக் குடுவை) முன் 3 மீட்டர் கால் அங்குல எஃகுக் குழாயைச் சுருளாகச் சுற்றிப் போடுங்கள்.

பொருள்களில் முதல் எதிரி சிலிக்கோன் குழாய். ரேடான் அதில் நன்றாகக் கரைந்து, சுவர் வழியாகவே உள்ளே வந்துவிடும். ரப்பர் ஓ-ரிங்குகளை முடிந்தவரை குறையுங்கள். 316எல் எஃகுக் குழாயும் உலோக கேஸ்கெட் போட்ட இணைப்புகளும்தான் சரி. சுழற்சி பம்ப் வைத்தால் உலோக பெல்லோஸ் வகை வாங்குங்கள். ரப்பர் டயாஃப்ரம் பம்ப் மலிவு. ஆனால் அந்த ரப்பர் ரேடானுக்குத் திறந்த கதவு.

ஓசூர் சிப்காட் பக்கம் அறையையோ குழாயையோ வெல்டிங்குக்குக் கொடுத்தால் ஒன்றைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். டிக் வெல்டிங்கில் சிவப்பு முனை டங்ஸ்டன் எலக்ட்ரோடு வேண்டாம். அதில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கிறது. வெல்டிங் மடிப்பில் அது கொஞ்சம் தங்கினாலும் தோரான் வாயு (ரேடானின் இன்னொரு வகை, ரேடான்-220) விட்டுக்கொண்டே இருக்கும். சாம்பல் முனை என்றால் சீரியம், தங்க நிறமோ நீலமோ என்றால் லாந்தனம், இவை போதும். அதே கடையில் எலக்ட்ரோடைத் தீட்டும் சாணைக்கல்லும் சிவப்பு முனைக்குப் பயன்பட்டதாக இருக்கக் கூடாது. பட்டறைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை, புது எலக்ட்ரோடும் புதுக் கல்லும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சிலிண்டரைக் காக்க வையுங்கள்

காசில்லாத வழி இது. சிலிண்டரை 30 நாள் தொடாமல் வைத்தால் நிரப்பும்போது வந்த ரேடான் 230இல் ஒரு பங்காகும். அதற்குமேல் வைத்துப் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் சிலிண்டர் எஃகும் உள்ளிருக்கும் துருவும் தங்கள் பங்குக்கு ரேடானை உமிழ்கின்றன. மூன்று சிலிண்டர் வாங்கிச் சுழற்சியில் வையுங்கள். வந்த தேதியைச் சாக்பீசால் தோளில் எழுதுங்கள்.

திரவ நைட்ரஜன் வைக்கும் தேவர் குடுவையிலிருந்து வாயு எடுப்பதென்றால் மேலே ஆவியாகி நிற்பதை எடுங்கள். ரேடானின் கொதிநிலை −62 டிகிரி, நைட்ரஜனுக்கு −196. ரேடான் திரவத்தோடு கீழேயே தங்கும். திரவம் தீரத் தீர அது செறிவாகும் என்பதால் கடைசி ஐந்தில் ஒரு பங்கை டிடெக்டருக்கு அனுப்ப வேண்டாம்.

கரிப் பொறி

ஆக்டிவேட்டட் கார்பன் ரேடானை நிரந்தரமாகப் பிடித்து வைப்பதில்லை. ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். அப்படித் தாமதமாகி நகரும் வழியிலேயே ரேடான் சிதைந்துவிட வேண்டும், அவ்வளவுதான் தந்திரம். ஒரு கிராம் கரி எத்தனை லிட்டர் வாயு போகும்வரை ரேடானை நிறுத்தி வைக்கும் என்பதைத் தாமத எண் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த வாயுவில் 20 டிகிரியில் அது சுமார் 5. −50 டிகிரியில் சுமார் 100.

500 கிராம் கரி, நிமிடத்துக்கு 1 லிட்டர். அறை வெப்பத்தில் தாமதம் 2,500 நிமிடம், அதாவது 1.7 நாள். இதில் ரேடான் 27 சதவீதம்தான் குறையும். இவ்வளவு பாடுபட்டு இவ்வளவுதானா என்று தோன்றும். அதே கரியை −50 டிகிரிக்குக் குளிர்வித்தால் தாமதம் 35 நாள். ரேடான் 500இல் ஒரு பங்குக்கும் கீழே போகும். பிரான்ஸின் மோடான் நிலத்தடி ஆய்வகத்தில் அரிய கதிரியக்கச் சிதைவைத் தேடிய நீமோ-3 சோதனைக்கு 1 டன் கரியை −50 டிகிரியில் வைத்து, மணிக்கு 150 கனமீட்டர் காற்றைச் சுத்தம் செய்தது இதே வழியில்தான்.

இனிதான் முக்கியமான விஷயம். கரியிலும் ரேடியம் இருக்கிறது. கரியே ரேடானை உமிழ்கிறது. நுழைவாயிலில் உமிழ்ந்தது வழியில் சிதைந்துவிடும், வெளிவாயிலுக்குப் பக்கத்தில் உமிழ்ந்தது தப்பித்து டிடெக்டருக்குப் போகும். கணக்குப் போட்டால், பொறி நீளமானதும் வெளிவரும் வாயுவின் அடிமட்டம் ஓர் எளிய வகுத்தலில் வந்து நிற்கிறது: ஒரு கிலோ கரியின் உமிழ்வு வகுத்தல் தாமத எண். கிலோவுக்கு 10 மில்லிபெக்கரல் உமிழும் கரி, தாமத எண் 100 என்றால் கனமீட்டருக்கு 0.1 மில்லிபெக்கரல். அதே கரி அறை வெப்பத்தில் என்றால் 2 மில்லிபெக்கரல். கரியின் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அரை கிலோவை ஐந்து கிலோ ஆக்கினாலும் அடிமட்டம் அங்குலம்கூட இறங்காது. இறக்க இரண்டே வழி: நல்ல கரி, கூடுதல் குளிர்.

நம்மூரில் கொட்டாங்குச்சிக் கரி தாராளமாகக் கிடைக்கிறது. ஒட்டும் திறனில் அது குறைந்ததல்ல. குறை சாம்பலில் இருக்கிறது. சாம்பலோடுதான் ரேடியமும் பொட்டாசியம்-40உம் வரும். அமிலத்தில் கழுவினால் கணிசமாகக் குறையும். அமெரிக்காவில் கரும்பொருளைத் தேடி ஓடும் எல்இசட் சோதனை தன் செயற்கைக் கரியையே நைட்ரிக் அமிலத்தில் கழுவித்தான் போட்டது. 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில், அறை வெப்பத்தில், புகைப்போக்கிக்குக் கீழே ஒரு நாள் ஊறவிடுங்கள். சூடாக்கக் கூடாது. பிறகு அயனி நீக்கிய தண்ணீரில் கழுவும் நீர் அமிலத்தன்மை இழக்கும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். நைட்ரேட் தங்கிய கரியைக் காய வைத்தால் தீப்பிடிக்கும். போர் தண்ணீரில் அலசினால் எடுத்த ரேடியத்தைத் திருப்பி ஊற்றுவதுபோல் ஆகும்.

பொறிக்கு 50 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட எஃகுக் குழாய், 55 சென்டிமீட்டர் நீளம். 500 கிராம் அதில் அடங்கும். நீளம் விட்டத்தைப்போல் பத்து மடங்குக்குக் குறையாமல் இருந்தால் வாயு ஓரமாக வழி கண்டுபிடித்து ஓடுவது குறையும். கொட்டும்போது குழாயைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். மேலே இடைவெளி விட்டால் கரி ஆடித் தூளாகும். இரு முனையிலும் சிண்டர் செய்த (தூளை அழுத்திச் சூடாக்கி நுண்துளைகளோடு ஆக்கிய) எஃகு ஃபில்டர் வையுங்கள். கரித்தூள் டிடெக்டருக்குள் போனால் கம்பியில் தீப்பொறி பறக்கும். அதோடு தூளிலுள்ள ரேடியம் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

நிரப்பியதும் 150 டிகிரியில் 12 மணி நேரம் வெற்றிடத்தில் சுடவும். முதல் ஒரு மணி நேரம் 110 டிகிரியிலேயே நிறுத்துங்கள், ஈரம் அமைதியாகப் போகட்டும். ஆறும் முன் திறக்காதீர்கள். சூடான கரிக்குக் காற்று பட்டால் தணலாகும்.

குளிர்விக்க எளிய வழி டிரை ஐஸ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த தொட்டி: −78 டிகிரி. தெர்மோகோல் சரியாகச் சுற்றி, உள்ளே வரும் வெப்பம் 10 வாட்டுக்குள் இருந்தால் நாளுக்கு ஒன்றரை கிலோ டிரை ஐஸ் போகும். அந்த ஒன்றரை கிலோவும் கார்பன் டை ஆக்சைடாக அறையில்தான் நிரம்பும், ஜன்னல் திறந்திருக்கட்டும். திரவ நைட்ரஜன் தொட்டியில் ஆர்கான் பொறியை முக்காதீர்கள். ஆர்கான் −186இலேயே திரவமாகிக் குழாய் நிரம்பும். பிறகு சூடேறினால் வெடிக்கும். டிரை ஐஸில் வைத்தாலும் கரி பல லிட்டர் ஆர்கானை இழுத்து வைத்திருக்கும். ஆகவே இரண்டு வால்வுகளுக்கு இடையே 1.5 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு இல்லாமல் பொறியை ஒரு நாளும் ஓட்ட வேண்டாம்.

வரிசை தவறினால் எல்லாம் வீண்

சிலிண்டர், ரெகுலேட்டர், ஈரம் நீக்க 3ஏ மாலிகுலர் சீவ் (நுண்துளைக் குண்டுகள்), ஆக்சிஜன் நீக்கும் கெட்டர், குளிர்ந்த கரி, தூசி ஃபில்டர், டிடெக்டர். இதுதான் வரிசை. கெட்டர் ரேடானைப் பிடிக்காது, ரேடான் மந்த வாயு. அதற்குமேல் கெட்டரே ரேடானை உமிழும். சீவும் அப்படியே. உமிழ்கிற எதுவும் கரிக்குப் பின்னால் வரக் கூடாது.

கார்பன் டை ஆக்சைடை ஆர்கானோடு கலப்பது கரிக்குப் பிறகுதான். முன்பே கலந்தால் குளிர்ந்த கரி அதை விழுங்கி, இடத்தையெல்லாம் அடைத்து, தாமத எண்ணைச் சாய்த்துவிடும். டிடெக்டரில் கலவை விகிதமும் நாள் முழுக்க ஆடும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு 30 நாள் காத்திருப்பே போதும்.

ஈரமும் அதே வேலையைத்தான் செய்யும். ஐப்பசி மழையில் சீவ் சீக்கிரம் நிறையும். கரிக்குப் போகும் வாயுவின் பனிநிலை (ஈரம் பனியாகத் தொடங்கும் வெப்பநிலை) பொறியின் வெப்பநிலைக்கும் கீழே இருக்கட்டும்; இல்லையென்றால் நுழைவாயிலில் பனி கட்டி ஓட்டம் படிப்படியாகக் குறையும். ஓட்டம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது என்றால் கரியைக் குறை சொல்லும் முன் சீவைச் சுட்டெடுங்கள்.

சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்றால்

ஆர்கானுக்குப் பதில் டிடெக்டரில் இதை நிரப்புவதும் உண்டு. இது −64 டிகிரியில் உறைந்துவிடும் வாயு. அறை வெப்பத்திலும் கரி இதை நன்றாகவே உறிஞ்சும். ஐசோபியூட்டேனும் (−12 டிகிரியில் திரவமாகும்) ஆர்-134ஏ என்ற குளிரூட்டி வாயுவும் (−26) இதே ரகம். ஆகவே இவற்றுக்குக் கரிப் பொறி ஒத்துவராது. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடுக்கு 5ஏ மாலிகுலர் சீவ் பொருந்தும். அதன் துளைக்குள் இந்த வாயுவின் பெரிய மூலக்கூறு நுழையாது, ரேடான் நுழையும். 13எக்ஸ் வாங்கிவிடாதீர்கள், துளை பெரிது, வாயுவையே விழுங்கும்.

கடையில் கிடைக்கும் 5ஏ குண்டுகளில் களிமண் கலந்திருக்கும். களிமண்ணில் ரேடியம் உண்டு. டிடெக்டரில் சீவ் போட்டதும் ரேடான் கூடியது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். களிமண் குறைந்த வகையைத் தேடி, வாங்கும் ஒவ்வொரு தொகுதியின் உமிழ்வையும் அளந்த பிறகே குழாயில் போடுங்கள். தேவைக்கு மேல் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். சுடுவது 300 டிகிரியில், வெற்றிடத்தில், 8 மணி நேரம். சூடு ஏற்றும் முன் மிச்சமிருக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடைப் பம்ப் செய்து முழுவதும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உண்டாகலாம். எடுத்ததை வெளியே விடாமல் சிலிண்டரில் திரும்பப் பிடியுங்கள். புவி வெப்பமாதலில் இது கார்பன் டை ஆக்சைடைப்போல் 20,000 மடங்குக்கு மேல்.

செனான் வேறு உலகம். கரி செனானையும் பிடிக்கும் என்பதால் பெரிய சோதனைகள் காய்ச்சி வடிக்கும் கோபுரம் கட்டுகின்றன. இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தில் கரும்பொருள் தேடும் செனான்-என்டி சோதனை, ரேடானைக் கிலோவுக்கு 1 மைக்ரோபெக்கரலுக்கும் கீழே இறக்கியது அப்படித்தான். கல்லூரி ஆய்வகத்துக்கு அந்த வழி ஒத்துவராது.

அளப்பது

கரியோ சீவோ, 200 கிராமைச் சுட்டு, வெற்றிடமாக்கிய எஃகுக் கலத்தில் உலர் நைட்ரஜனோடு மூடி வையுங்கள். 7 நாளில் முழு அளவில் 72 சதவீதம் வளரும், 14 நாளில் 92. அதன்பின் அந்த வாயுவை அளக்கும் கருவிக்கு மாற்றுங்கள். காலிக் கலத்தை இதேபோல் ஒருமுறை அளந்து கழிக்காவிட்டால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. லூகாஸ் செல்லில் (ஆல்ஃபா பட்டால் ஒளிரும் பூச்சு உள்ளே கொண்ட கலம்) அளந்தால் வாயு நிரப்பி 3 மணி நேரம் பொறுத்த பின் எண்ணத் தொடங்குங்கள்; அதற்குள் சேய்த் தனிமங்கள் சமநிலைக்கு வந்துவிடும். மின்புலத்தால் பொலோனியத்தை இழுத்துச் சேர்க்கும் சிலிக்கான் கருவி காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் அளவீடு செய்யப்பட்டது. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் வாயு, ஆல்ஃபாவின் பாய்ச்சலும் அதில் குறைவு. காட்டும் எண் தப்பாகவே இருக்கும். ஆர்கானில் உயர் மின்னழுத்தத்தால் தீப்பொறி பறக்கவும் கூடும்.

தாமத எண்ணைச் சரிபார்க்க ரேடான் ஊற்று வேண்டும். ரேடியம் ஊற்றுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேடி அலைய வேண்டாம். கல் கிரஷரில் கிடைக்கும் கிரானைட் தூளை 20 லிட்டர் இரும்பு டிரம்மில் நிரப்பி, மூடியை நன்றாக அடைத்து மூன்று வாரம் விடுங்கள். கிலோவுக்கு 40 பெக்கரல் ரேடியம், அதில் பத்தில் ஒரு பங்கு ரேடான் வெளிவரும் என்று வைத்தால் 30 கிலோவிலிருந்து 120 பெக்கரல். தூளின் இடுக்குகளில் இருக்கும் சுமார் 8 லிட்டர் காற்றில் அது கனமீட்டருக்கு 15,000 பெக்கரல், சோதனைக்குத் தாராளம். தூள் லேசாக ஈரமாக இருந்தால் உமிழ்வு கூடும், ஆனால் கரிக்கு அனுப்பும் முன் அந்தக் காற்றைத் தூசி ஃபில்டரிலும் 3ஏ சீவிலும் விட்டாக வேண்டும்.

50 கிராம் கரி, அறை வெப்பம், நிமிடத்துக்கு 1 லிட்டர். டிரம் காற்றை 5 நிமிடம் விட்டு, பிறகு சுத்த நைட்ரஜனுக்கு மாறுங்கள். உச்சம் சுமார் 4 மணி நேரத்தில் வர வேண்டும். ஒன்றரை மணி நேரத்திலேயே வந்தால் கரி ஈரம். சின்ன உச்சம் ஒன்று முதல் சில நிமிடங்களிலேயே தலைகாட்டி, பெரியது பின்னால் வந்தால் குழாயின் ஓரம் வழியே வாயு ஒழுகுகிறது. கொட்டி மறுபடி நிரப்புங்கள். இந்த டிரம்மும் அதன் குழாயும் டிடெக்டர் இருக்கும் அறைக்கு வரவே கூடாது.

கரண்ட் போனால்

டிரை ஐஸுக்குப் பதில் −80 டிகிரி ஃப்ரீசரில் பொறியை வைத்தவர்கள் இதைப் படித்தே ஆக வேண்டும். கரண்ட் போய்க் கரி சூடேறினால் தாமத எண் விழும். வாரக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்த ரேடான் மொத்தமும் கொத்தாக டிடெக்டருக்குப் போகும். பொறிக்குப் பின் கரண்ட் இல்லாதபோது தானாக மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வும், சூடேறும் வாயுவை வெளிக்காற்றுக்கு விடும் பக்கவழியும் வையுங்கள். கரண்ட் திரும்பியதும் வால்வும் தானே திறந்துகொள்ளக் கூடாது. கரியின் வெப்பநிலை −45க்குக் கீழே வந்த பிறகு ஆள் வந்து கையால் திறக்கும்படி ரிலே போடுங்கள். பொறி 0 டிகிரியைத் தாண்டியிருந்தால் குளிர்விப்பதே வீண்: 150 டிகிரியில் சுட்டு, பம்ப் செய்து, புதிதாகத் தொடங்குங்கள். உள்ளே ரேடான் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் டிடெக்டரிலேயே பார்க்கலாம்: பிஸ்மத்-214இன் பீட்டாவைத் தொடர்ந்து, 164 மைக்ரோவிநாடி அரை ஆயுளில் பொலோனியம்-214இன் 7.69 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆல்ஃபா வருகிற ஜோடிகளை எண்ணுங்கள். வாயு ஓட்டத்தை நிறுத்திய பின் அந்த எண்ணிக்கை 3.82 நாளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்தால் ஒருமுறை போன ரேடான். குறையாமல் நின்றால் எங்கோ இன்னும் வந்துகொண்டிருக்கிறது.